திங்கட்கிழமைச் சவரம்

இனாயத் எங்கள் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஆறு வருடம், படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைக் கவனித்துக்கொண்டவள். நிர்வாகி மேடம் சுஹைர் அவளிடம் படிப்பு, சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. கைகளைக் காட்டச் சொன்னார். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. "நாளைக்கே வந்துடு" என்றார்.

அன்று முதல் ஒன்பது வருடம், தினமும் ஆறரை மணி ஃபெர்ரியில் போர்ட் சயீத் கரையிலிருந்து கால்வாயைக் கடந்து எங்கள் போர்ட் ஃபுவாத் கரைக்கு வந்தாள். வீட்டில் ஒரே மகள் ரிஹாம். அவளுக்கும் கல்யாணம் முடிந்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் இவள் 'ரிஹாம் அம்மா'தான். யார் தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைப்பார்கள், யாரை 'பே' என்று மரியாதையாகக் கூப்பிட்டால்தான் கரண்டிக்கு வாயைத் திறப்பார்கள், யார் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து பூந்தொட்டியில் துப்புவார்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கொஞ்சுகிற ரகம் இல்லை. திட்டுவாள். ஆனால் அவள் துடைத்துவிட்ட முதுகில் ஒருநாளும் புண் வந்ததில்லை. சமையலறையில் இருக்கும் எனக்கே அது தெரியும், மருத்துவருக்குத் தெரியாமல் இருக்குமா?

உஸ்தா ஃபிக்ரி முடிதிருத்துகிறவர்; கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் ஊரில் மரியாதையாக 'உஸ்தா' என்போம். அக்கரையில், அரபுப் பேட்டையில் கடை. எங்கள் ஊரில் சவரக்கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த விடுமுறை நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிடுவார். காசு வாங்கமாட்டார். அவருடைய அப்பா மருத்துவமனையில் மூன்று வாரத் தாடியோடு செத்தாராம். "குளிப்பாட்ட வந்தவன் இவர் யாரோ பிச்சைக்காரர்னு நெனச்சுட்டான்" என்று ஒருமுறை சொன்னார். மனைவி போய் ஐந்து வருடம். பிள்ளைகள் இல்லை. மீசைக்கு மட்டும் சாயம் பூசுவார், தலைக்குப் பூசமாட்டார். எங்கள் பாட்டிமாருக்கு அது தீராத சிரிப்பு.

வயதானவர்களுக்குச் சவரம் செய்வது ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை. பல் போன கன்னம் உள்ளே குழிந்துகிடக்கும், தோல் துணி மாதிரி மடியும், கத்தி மாட்டிக்கொள்ளும். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுத்த இடத்தில் கத்தி ஒரு தடவை போகும். பிறகு விரல் நகரும். பின்னாலேயே கத்தி நகரும். அந்த விரல்கள் இனாயத்துடையவை. மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் யாரோ ஒரு கிழவரின் கன்னம் இருந்தது.

அதில் என்ன இருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் பெண்கள் கூடத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவில் பெரிய கண்ணாடிச் சுவர். அதன் ஓரத்துக் கட்டில், ஹஜ் போய்வந்த கிழவி ஹாஜ்ஜா தஃபீதாவுடையது. காது கேட்காது, அதனால் கண்ணுக்கு இரட்டை வேலை கொடுத்திருந்தாள்; கிட்ட நின்றால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள்.

"ரிஹாம் அம்மா, கிட்ட வாடி. உனக்கு ஏதாவது கண் நோயா?"

"இல்லையே ஹாஜ்ஜா, ஏன்?"

"திங்கட்கிழமை மட்டும் கண்ணு கருப்பா, பெருசா இருக்கு. செவ்வாய்க்கிழமை சுருங்கிடுது. டாக்டர்கிட்ட காட்டு."

கூடமே சிரித்தது. இனாயத் கையிலிருந்த துண்டால் அவளை அடிப்பதுபோல் ஓங்கினாள். அடுத்த திங்கள் மை போடாமல் வந்தாள். அதற்கடுத்த திங்கள் மறுபடி போட்டிருந்தாள்.

வரிசையில் கடைசி ஆள் எப்போதும் வக்தி பே. கால்வாய் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். எண்பத்தொரு வயது, பக்கவாதம், இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்கும். இடது கன்னம் தொங்கிக் கிடந்ததால் அவருக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். சவரம் முடிந்ததும் உஸ்தா கொலோன் தடவி, "நயீமன், பே!" என்பார். எங்கள் பக்கத்தில் சவரம் செய்துகொண்டவரையும் குளித்து வந்தவரையும் அப்படித்தான் வாழ்த்துவோம். வக்தி பே பதிலுக்கு அந்த ஒரு விரலைத் தூக்குவார். அவர் கடைசி ஆளாகப் போனது வரிசையின்படி இல்லை, இனாயத் அப்படி அமைத்தாள். பின்னால் வேறு யாரும் காத்திருக்கவில்லை என்றால் அவசரப்பட வேண்டாமே. முதலில் இருபது நிமிடம் ஆன வேலைக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் ஆனது.

அந்த ஜனவரித் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் முகத்தைத் துடைக்கும்போது நெற்றி சுட்டது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். கழுத்திலும் சுட்டது. காய்ச்சல் என்றால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும், ஆளைக் கட்டிலைவிட்டு எழுப்பக் கூடாது. இது எங்களிடம் உள்ள சட்டம். அதைப் புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே இனாயத்தான். அவள் துண்டைப் பிழிந்து காயப்போட்டாள். சவரம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சிறு சூடுதானே.

பன்னிரண்டு மணி வாக்கில் சக்கர நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும். கடல்காற்றும் அங்கேதான். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள், பிறகு சவரத்துக்காக அதையே கீழே இறக்கினாள். அவருடைய விரல் நாற்காலிக் கையில் இரண்டு முறை தட்டியது. கேட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. உஸ்தா நுரை பூசினார். அன்று அவர் ஏதோ சொல்ல வந்தவர்போல் இருந்தார்.

"ரிஹாம் அம்மா, பொண்ணு கல்யாணம் ஆகிப் போனப்பறம் வீடு பெருசா தெரியுமே?"

"என் வீடா? ரெண்டு ரூம் உஸ்தா. ஒண்ணுல மழை பெய்யும்."

"எனக்கு மூணு ரூம். மூணுலயும் சத்தமே இல்ல."

அவள் விரலை நகர்த்தினாள். கத்தி நகர்ந்தது. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் நிறைய நேரம் போயிருந்தது.

கொலோன் தடவிவிட்டு, "நயீமன், பே!" என்றார் உஸ்தா.

விரல் எழவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு கொலோன் புட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேயின் கழுத்தில் கை வைத்தார். இனாயத் உஸ்தாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் இல்லை என்று தலையை அசைத்தார். அவள் பேயின் கண்களை மூடிவிட்டாள், மோவாயை ஏந்திப் பிடித்தாள். மழித்த முகம் பளபளவென்று, மார்பில் வெள்ளைத் துண்டோடு, வக்தி பே நாற்காலியில் சாய்ந்து கண் அயர்ந்தவர்போல இருந்தார். உஸ்தா ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

"ஃபாத்திஹா" என்றார் உஸ்தா, குரல் இறங்கி. இருவரும் உள்ளங்கைகளை ஏந்தி ஓதினார்கள்.

எங்கள் ஊரில் இரண்டு பேர் சேர்ந்து கையேந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதுவது முக்கியமாக இரண்டு காரியத்துக்கு. செத்தவருக்காக ஒன்று. பெண் பேசி முடித்து, வார்த்தையை உறுதிப்படுத்த ஒன்று. ஃபாத்திஹா ஓதியாகிவிட்டது என்றால் நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையேந்துவதும் அப்படியே, முடித்து முகத்தில் தடவிக்கொள்வதும் அப்படியே.

ஹாஜ்ஜா தஃபீதா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நடுவில் மரியாதைக்குரிய பெரிய மனிதர். இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெண். மாதக்கணக்காக அவள் எதிர்பார்த்திருந்த காட்சி. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இருந்த நான்கு பல்லுக்கும் வஞ்சகமில்லாமல் நீளமாகக் குலவை போட்டாள்.

அடுத்த கட்டிலும் எடுத்தது. அதற்கடுத்ததும். பதினோரு பெண்கள். ஒருத்தி தாம்பாளத்தைத் தட்டினாள். நான் கரண்டியோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். "ரிஹாம் அம்மாவுக்கு நிச்சயம்!" என்றார்கள். நானும் ஒரு குலவை போட்டேன். இன்றுவரை அது என் தொண்டையில் நிற்கிறது. மேடம் சுஹைர் வராந்தாக் கதவைத் திறந்துகொண்டு போனார், நாற்காலியைப் பார்த்தார், திரும்பிக் கண்ணாடியில் ஓங்கி அறைந்தார். "வாயை மூடுங்க! மனுஷன் செத்துக் கெடக்கறார்!"

குலவை ஒவ்வொன்றாக அணைந்தது. காது கேட்காத ஹாஜ்ஜா தஃபீதாவுடையது கடைசியாக.

இனாயத் அப்போது எழவில்லை. ஏந்திய கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிற்பாடு என்னிடம் சொன்னாள்: ஓதிக்கொண்டிருக்கும்போதே ஒரு நொடி அவளுக்குத் தோன்றியிருக்கிறது, இது அந்த ஃபாத்திஹாவாக இருந்தால் எப்படி இருக்கும் என்று. மனசில் வந்த மறுகணம் குலவை கேட்டது. "யாரோ என் நெஞ்சைத் திறந்து பார்த்துட்டு கத்தின மாதிரி இருந்துச்சு" என்றாள்.

ஹாஜ்ஜா தஃபீதா அழுதாள். "எனக்கென்னம்மா தெரியும்? கண்ணாடி வழியா சாவு எப்படித் தெரியும்? சுத்தமா மழிச்சு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி உக்காந்திருந்தாரே!" யாரும் அவளைத் திட்டவில்லை.

எங்கள் ஊர் சின்ன ஊர், நடுவில் ஒரு ஃபெர்ரி. மறுநாள் காலையிலேயே பயணிகள் வரிசையில் மீன்காரி ஒருத்தி வாழ்த்துச் சொல்கிறவள்போல, "மப்ரூக், ரிஹாம் அம்மா! பொணத்தை சாட்சி வச்சு முடிச்சியாமே, இனிமே பேச்சு மாற முடியாது!" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இனாயத் இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. ரிஹாம் தொலைபேசியில் அழுதாள். "அம்மா, என் மாமியார் நேரா கேக்கல, ஆனா ரெண்டு நாளா எங்கிட்ட 'உங்கம்மா'ன்னு பேச்சை ஆரம்பிக்கறதே இல்ல. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் நடக்கலன்னு சொல்லு."

"நடக்கலையா?"

இவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஊர் சிரித்தது குலவைக்காக. காய்ச்சல் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து அவள் மேடம் சுஹைரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். காலை எட்டு மணிக்கே நெற்றி சுட்டது, நர்ஸிடம் சொல்லவில்லை, காற்றில் உட்கார வைத்தேன் என்றாள்.

மேடம் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஏன் சொல்லல?"

"சொன்னா சவரம் நின்னு போயிடும்."

"சவரமா?" என்று கேட்டவர் சட்டென்று புரிந்துகொண்டார். முகம் சிவந்தது அவருக்குத்தான். "எண்பத்தொரு வயசு. இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் எழுதிட்டார். ஒரு வாரம் படுக்கையில வச்சிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும், நடக்காமலும் இருந்திருக்கும். நீ இதை வெளியில சொன்னா இந்த இல்லத்தையே மூடுவாங்க. போய் வேலையைப் பாரு."

வெளியே வந்தபோது மனசு லேசானது, அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது என்று அன்று மாலையே என்னிடம் மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க இரண்டு மடங்கு வேலை செய்தாள். யாரும் கேட்காமலே படுக்கைகளை மாற்றினாள். நன்றி சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தாள்.

உஸ்தா அடுத்த திங்கள் வரவில்லை. அதற்கடுத்த திங்கள் வந்தார். இனாயத் தோல் பிடிக்க ஆண்கள் பகுதி உதவியாளரை அனுப்பிவிட்டுத் துணி துவைக்கும் அறைக்குள் போய்விட்டாள். அந்த ஆளுக்குப் பழக்கமில்லை. இரண்டு பேருக்குக் கன்னத்தில் கத்தி பட்டது.

மூன்றாவது வாரம் வக்தி பேயின் மகள் மெர்வத் இஸ்மாயிலியாவிலிருந்து வந்தாள். அப்பாவின் பெட்டியை எடுத்துப் போக வேண்டும். அவர் பேரில் எல்லோருக்கும் கொடுக்க இனிப்பு ரொட்டியும் ஆரஞ்சும் கொண்டுவந்திருந்தாள். பள்ளி ஆசிரியை, ஐம்பது வயதிருக்கும், கறுப்பு உடை. கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தனியாக ஒரு பொட்டலத்தோடு இனாயத்தைத் தேடிச் சமையலறைக்கே வந்துவிட்டாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"குளிப்பாட்டினவங்க சொன்னாங்க, எங்கப்பா முகம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சாம், கமகமன்னு இருந்துச்சாம். நான் மாசத்துக்கு ஒரு தடவைதான் வந்தேன். மகள் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சீங்க. இதை நீங்க சாப்பிடணும், அவருக்காக."

இனாயத் பொட்டலத்தை வாங்கினாள். வாங்கியதை மேசைமேல் வைத்தாள்.

"என்னால சாப்பிட முடியாதும்மா" என்றாள். "அன்னிக்கு காலையில உங்கப்பாவுக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. வராந்தாவுல காத்துல உக்கார வச்சேன்."

"ஏன்?"

"உஸ்தாவோட கொஞ்ச நேரம் உக்காந்திருக்கணும்னு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். மேடம் சுஹைர் சொன்னது, வேலை, எல்லாம் என் தலையில் ஓடியது. இனாயத் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அழக்கூட இல்லை.

மெர்வத் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள். "அவருக்குக் குளிருச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். கம்பளி இருந்தது என்று சொல்லியிருந்தால்கூடப் பாதி உண்மைதான்.

"ஆமா" என்றாள் இனாயத். "விரலால ரெண்டு தடவை தட்டினார். எனக்கு கேட்டுச்சு."

மெர்வத் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். சலாம் சொல்லவில்லை. பொட்டலம் மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்துப் பூனைக்குப் போடவும் இல்லை, தின்னவும் இல்லை. மாலையில் பார்த்தபோது இல்லை, யார் எடுத்தார்கள் என்று தெரியாது.

அன்று மாலை ஃபெர்ரி மேல்தளத்தில் உஸ்தா நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அந்த நேரத்தில் வந்து நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். என் வீடும் அக்கரையில், நானும் அதே ஃபெர்ரிதான். இனாயத் இந்தத் தடவை விலகிப் போகாமல் நேரே அவரிடம் போனாள். நான் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தேன்.

"பேயோட மகள் வந்திருந்தாங்க. காய்ச்சல் இருந்ததைச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "என் பேரைச் சொன்னீங்களா?"

"உங்களுக்கு இதுல என்ன? காய்ச்சல் எனக்குத்தான் தெரியும்."

"ரிஹாம் அம்மா," என்றார், "நான் முப்பது வருஷமா மூஞ்சியைத் தொட்டுப் பொழைக்கறவன். நுரை பூசும்போதே தெரிஞ்சுது. கன்னம் அடுப்பு மாதிரி இருந்துச்சு. உள்ள கூட்டிட்டுப் போயிடலாம்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்க. அதனால வீட்டுல எத்தனை ரூம்னு பேசிட்டேன்."

மூன்று வாரமாக அந்த மனிதரைப் பார்க்கக் கூசி ஒளிந்தவள், இப்போது முதல் முறையாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். இருவர் முகத்திலும் ஒரே கறை. ஃபெர்ரி கரையில் இடித்து நின்றது. இறங்கும்போது அவர் கையைக்கூட ஆட்டவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, மெர்வத்தைப் பார்க்க இஸ்மாயிலியா பஸ் ஏறினார்; அந்தச் செய்தி எங்கள் கரைக்கும் வந்துவிட்டது. திரும்பி வந்ததும் இல்லத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமைவரை காத்திருந்து, பெட்டியோடு வந்தார். வராந்தாவில் முதல் கிழவருக்கு நுரை பூசிவிட்டுக் காத்திருந்தார். இனாயத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் இரண்டு விரல் வைத்து இழுத்தாள். கத்தி போனது. பெண்கள் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஹாஜ்ஜா தஃபீதா வேண்டுமென்றே சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"பேயோட மகள் கதவைத் திறந்தாங்களா?" என்று இனாயத் கேட்டாள்.

"திறந்தாங்க. உக்காரச் சொல்லல. நின்னுக்கிட்டே சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ரெண்டு பேருக்குமே தெரியுமா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். ரொம்ப நேரம் கதவைப் பிடிச்சிக்கிட்டே நின்னாங்க. அப்புறம் சாத்திட்டாங்க. மெதுவாத்தான் சாத்தினாங்க."

"மன்னிச்சாங்களா?"

"அதை நான் கேக்கல. கேக்கற தகுதி எனக்கு இல்ல."

இனாயத் விரலை நகர்த்தினாள். கிழவர் இருமினார், அவள் எழுந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், மார்பில் துண்டைச் சரியாகச் செருகினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை சாயந்திரம் ரிஹாமும் அவ வீட்டுக்காரரும் என் வீட்டுக்கு வர்றாங்க" என்றாள், அவரைப் பார்க்காமல். "உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா முறைப்படி என் மருமகன்கிட்ட வந்து கேளுங்க. இனிப்பு எதுவும் வாங்கிட்டு வராதீங்க. என்னால சந்தோஷமா இருக்க முடியுமான்னு தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார் உஸ்தா ஃபிக்ரி.

"அப்ப வாங்க."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கன்னத்துக்கு நாற்காலியைச் சுற்றி வந்தார்.